போகியன்று மொட்டை அடித்த மரம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு மரம் நிற்கிறது. எட்டடி உயரம் இருக்கும். போகியன்று ஸ்டூல் போட்டு ஏறி, அதிலிருந்த இலையை ஒன்று விடாமல் நானே என் கையால் உருவிப் போட்டேன். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, மரத்துக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அது கிராப் ஆப்பிள் மரம். கூகுளில் தமிழில் தட்டினால் 'நண்டு ஆப்பிள்' என்று மொழிபெயர்த்துத் தருகிறது, நண்டு மாதிரி அதில் ஒன்றும் கிடையாது. ஆப்பிள் குடும்பத்தில் இரண்டு அங்குலத்துக்குக் குறைவாகக் காய்ப்பதையெல்லாம் பொதுவாக அந்தப் பெயரில் சேர்த்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். குளிர் நாடுகளில் வீட்டு முன்னால் அழகுக்கென்றே வைப்பார்கள். கிளை தெரியாத அளவுக்குப் பூக்கும், பூ போனபிறகு சின்னச் சின்னக் காயாகச் சிவந்து தொங்கும், ரொம்பவும் உயரம் போகாத ரகமாகப் பார்த்து வாங்கலாம். சின்னத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை என்று அங்கே சொல்வார்கள். அவர்கள் இருக்கிற இடத்தில் அது சரி. நான் இருப்பது ஓசூர் பக்கம் தேன்கனிக்கோட்டையில்.

2015 ஏப்ரலில் வீட்டுக்காரரோடு சிம்லா போனபோது நார்கண்டா தாண்டி கோட்கர் பக்கம் ஒரு தோட்டத்தைப் பார்த்தோம். ஆப்பிள் பார்க்கலாம் என்று போனவர்களுக்குப் பூதான் கிடைத்தது. வரிசை வரிசையாக ஆப்பிள் மரம், நடுநடுவே வேறு மாதிரி ஒரு மரம், சின்னப் பூ, ஆனால் மற்ற மரத்தில் பத்து பூ இருந்தால் இதில் நூறு. அது எதற்கு என்று கேட்டதற்குத் தோட்டக்காரர், "அது பழத்துக்கு இல்லை, மகரந்தத்துக்கு" என்றார். ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது, வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். அதற்காக நடுவில் கிராப் ஆப்பிளை வைக்கிறார்கள். மரம் இல்லாத இடத்தில் பூத்த கிளையை வெட்டி, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையில் செருகி, ஆப்பிள் மரத்திலேயே கட்டித் தொங்க விடுவார்களாம். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்து வருகிற மாதிரி. இது என் மண்டையில் ஒட்டிக்கொண்டது, பத்து வருஷம் கழித்துப் பயன்பட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊருக்கு வந்ததும் கிராப் ஆப்பிள் கன்று தேடினேன், கிடைக்கவில்லை. அன்னா என்ற ரகம் கிடைத்தது. இஸ்ரேலில் உருவாக்கியது, குளிர் அவ்வளவாகக் கேட்காது என்று பேர் வாங்கியது. காய்த்தால் லாபம், இல்லாவிட்டால் ஆப்பிள் பூவாவது பார்க்கலாம் என்று 2016 ஜனவரியில் ஒரு கன்று வரவழைத்தேன். மண் இல்லாமல் வெறும் வேராக, ஈரச் சாக்கில் சுற்றி வந்தது. விறகுக்குச்சி மாதிரி இருந்த அதைப் பார்த்து அத்தை, அதாவது என் மாமியார், "இதுக்கா காசு கொடுத்தே?" என்று கேட்டதோடு சரி, அப்புறம் அதைப் பற்றி ஒரு வருஷம் பேசவே இல்லை.

இரண்டடிக்கு இரண்டடி குழி, செம்மண்ணோடு மட்கிய சாணி எரு, ஒட்டுக்கட்டு, அதாவது வேரோடு இருக்கிற அடிச்செடியில் அன்னாவை ஒட்டிய இடம், மண்ணுக்கு மேலே நான்கு விரல் தெரிகிற மாதிரி நடவு. அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரே ஒரு தப்பு, மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தது. மதிய வெயில் சுவரில் பட்டுத் திரும்பி அடுப்பு மாதிரி அடிக்கும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது பலருக்கும் நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் எங்கள் தெருவில் முக்கால்வாசி போர்வெல் காற்றுதான் விட்டது. குடிக்கிற தண்ணீருக்கே டேங்கர் வந்தபோது ஆப்பிளுக்கு எங்கே ஊற்றுவது, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொஞ்ச நாள் ஊற்றினேன். மே மாதம் கன்று காய்ந்து, கீறிப் பார்த்தால் பச்சையே இல்லை. ஜூனில் இரண்டு மழை பெய்ததும் அடியிலிருந்து புதுசாக ஒரு தளிர் வந்தது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

என் சித்தப்பா சந்தூர்க்காரர். சந்தூர் என்றால் இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் மாங்கன்றுதான் ஞாபகம் வரும், அந்த ஊர்க்காரர்களுக்கு ஒட்டுக் கட்டுவது கை பழகிய வேலை. வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஒட்டுக்குக் கீழே இருந்து வந்திருக்கு. உன் ஆப்பிள் செத்துப் போச்சு, இது காட்டுச்செடி. பிடுங்கிப் போட்டுட்டு வேற வை" என்றார். மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை வைத்தியர் மாதிரி தேடித் தேடிக் கிள்ளுவார்கள், விட்டால் அது மேலே இருக்கிற நல்ல ரகத்தைச் சாப்பிட்டுவிடும். அவர் சொன்னது சரிதான். ஆனால் என் கன்றில் மேலே சாப்பிடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம்.

இரண்டு வருஷம் கழித்து, தோட்டக்கலை படிக்கிற உறவுக்காரப் பையனுக்கு இலையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க சித்தி என்றான். ஆப்பிள் இலைக்கு அடியில் பூனை வயிறு மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும், இதில் வழுவழு என்றிருந்தது, இலையும் மெலிசு. பெரும்பாலும் மாலஸ் பக்காட்டாவாக இருக்கும், இமயமலைப் பக்கத்துக் காட்டு ஆப்பிள், அதன் விதையை முளைக்க வைத்துத்தான் ஆப்பிளுக்கு அடிச்செடியாக வைப்பார்கள் என்றான். அப்படியென்றால் அதுவும் கிராப் ஆப்பிள்தான். நான் தேடிக் கிடைக்காத மரம், கேட்காமலே என் வீட்டுக்கு வந்து, மேலே இருந்தவன் சாகும்வரை மண்ணுக்குள் காத்திருந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "சரி, பூக்கட்டும் பார்க்கலாம்" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை எதுவும் இல்லை.

பூக்கவில்லை. 2020, 21, 22, ஒன்றும் இல்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. இந்த மாதிரி மரங்களுக்குக் குளிர்காலம் என்பது தூக்கம். இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடந்தது என்று மொட்டுக்குள் ஒரு கணக்கு ஓடும், அது நிறைந்தால்தான் ஒழுங்காக விழிக்கும். வழக்கமான மலை ஆப்பிள் ரகங்களுக்கு 1000 மணி நேரம் அளவில் வேண்டும், அன்னாவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. எங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாது, கீழே இருந்து வருகிற சொந்தக்காரர்கள் "ஊட்டி மாதிரி இருக்கே" என்பார்கள். ஆனாலும் என் வீட்டு தெர்மாமீட்டரில் நான் பார்த்த மிகக் குறைந்த அளவு 11. நமக்குக் குளிர், மரத்துக்கு அது வெறும் மாலைக்காற்று. அதனால் மரம் தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. மார்கழி முழுக்கப் பாதி பழுத்த இலையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் நீட்டு நீட்டாகக் குச்சி போகும், குச்சி முழுக்க மொட்டையாக இருந்து நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் போல் இலை இருக்கும். ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலில் தூக்கம் வராமல் புரளுகிற ஆளின் முகம் எப்படி இருக்கும், அப்படி ஒரு தோற்றம். எங்கள் வீட்டிலேயே ஓசூர் கம்பெனி ஷிப்டு போகிற ஆள் இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

வழி சொன்னது யார் என்றால், அத்தைதான். அவர் பிறந்த வீட்டில் மல்லித் தோட்டம். ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே மரத்தைப் பார்த்து, "நாங்க மல்லிய மார்கழியில கவாத்து பண்ணி மிச்சமிருக்கிற இலையையும் உருவிடுவோம், அப்பதான் அதுக்கு ரோஷம் வந்து பூக்கும். நீ என்னமோ இதைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கே" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தால், இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் பாத்து என்ற ஊரில் ஆப்பிளே இந்த முறையில்தான் வருகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், குளிர்காலமே கிடையாது. அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் ஆள் வைத்து இலை முழுவதையும் கையால் உருவுகிறார்கள், மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்குள் தட்டி எழுப்பிவிடுகிற மாதிரி. வருஷத்துக்கு இரண்டு தடவை காய் எடுக்கிறார்கள். அத்தையிடம் சொன்னேன். "ஜாவாவுல கூட மல்லி இருக்கோ என்னமோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திராட்சைக்காரர்கள் தடவுகிற ஹைட்ரஜன் சயனமைடைத் தடவிப் பாருங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மொட்டை எழுப்புவதற்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் அது விஷம். அதைக் கையாண்ட ஆள் அன்றைக்கு மது குடித்தால் உடம்பு தாங்காத அளவுக்குப் படுத்தும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒற்றை மரத்துக்கு அது தேவையா? எனக்குக் கை இருக்கிறது, விரல் இருக்கிறது.

2023 போகிக்கு முதல் தடவை உருவினேன். மூன்று வாரத்தில் மரம் முழுக்கத் தளதளவென்று இலை. பூ இல்லை. அப்போதுதான் என் இன்னொரு தப்பு புரிந்தது. ஆப்பிள் வகையில் பூ வருவது நீட்டுக் குச்சியில் இல்லை, பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சுருக்கம் சுருக்கமாக ஒரு குட்டைக் கிளை வருமே, பெரும்பாலும் அதன் நுனியில்தான். நான் மரம் 'அழகாக' இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் அந்தக் குட்டைகளைத்தான் கத்தரித்து வந்திருக்கிறேன். வெட்டாமல் விட வேண்டியதை வெட்டி, வெட்ட வேண்டியதை விட்டு, இத்தனை வருஷம். விதையிலிருந்து வந்த செடி பூக்கிற வயசுக்கு வர எப்படியும் பல வருஷம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் எல்லாப் பழியையும் வயசின் மேல் போட முடியாது.

அந்த வருஷம் கத்தரியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். நேராக மேலே போகிற கிளைகளைச் சணல் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் அரைச் செங்கல் தொங்கவிட்டு, படுக்கை வசத்துக்கு வளைத்தேன். நிமிர்ந்து போகிற கிளை உயரத்தைத் தேடும், படுத்த கிளை பூவைத் தேடும், இது எல்லா ஆப்பிளுக்கும் பொது. ஆறு செங்கல் தொங்குகிற மரத்தைப் பார்த்துத் தெருவில் பேசாத ஆள் இல்லை. பூசணிக்காய் தொங்கவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2024 போகி, மறுபடி மொட்டை. பிப்ரவரி 7-ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்குத் துணி ஊற வைக்கப் போனவள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குட்டைக் கிளையின் நுனியில் மொட்டு பருத்து, மேல்தோல் பிளந்து, உள்ளே இளம்பச்சை இலை நான்கைந்துக்கு நடுவில் ஐந்து மொட்டு. ஒவ்வொன்றும் மிளகு அளவு, நல்ல ரோஸ் நிறம், குங்குமத்தில் பால் கலந்த மாதிரி. இரண்டு நாளில் காம்பு நூல் மாதிரி நீண்டது. மூன்றாம் நாள் விரிந்தபோது உள்ளே சுத்த வெள்ளை, இதழின் முதுகில் மட்டும் அந்த ரோஸ் ஒரு தீற்றல். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் தலை வைத்த கேசரம் ஒரு கொத்து. வாசனை மெல்லியது, பக்கத்தில் மூக்கை வைத்தால்தான் தெரியும், எங்கள் பவளமல்லி பக்கத்தில் இதை வாசனை என்று சொன்னால் சிரிப்பார்கள். மொத்தம் 19 பூ. கோட்கரில் ஒரு கிளையில் அதைவிட அதிகம் இருக்கும், தெரியும். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

அத்தை வந்து பார்த்தார். "தலையில வெக்க முடியாது, சாமிக்குச் சாத்த முடியாது" என்று ஆரம்பித்தவர், ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் உள்ளே போனார்.

காய் பிடிக்கவில்லை. இயர்பட்டை வைத்து ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் தடவினேன், கொசுத்தேனீயும் வந்தது, பத்தே நாளில் எல்லாம் காம்போடு உதிர்ந்தது. பிறகுதான் உறைத்தது, ஒரே மரம், தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. கோட்கர்காரர் சொன்னதை மறந்துவிட்டேன்.

போன வருஷம் ஏற்பாட்டோடு இருந்தேன். தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போடுகிற ஒருவரை எனக்குப் பழக்கம், அவர் வீட்டு வாசலில் இரண்டு அன்னா மரம் வைத்திருக்கிறார், அவரும் இலை உருவுகிற கட்சிதான். போகியன்றே இரண்டு பேரும் பேசிவைத்து உருவினோம். என் மரத்தில் அறுபதுக்கு மேல் பூ. போன் செய்தேன். காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்புகிற பரபரப்பில் தூக்கமில்லாமல் கிடந்த மனிதர், பைக்கில் வந்து, பாதி விரிந்த அன்னா கிளை இரண்டை நீட்டினார். "ஊரெல்லாம் எங்கிட்ட ரோஜா கேக்குது, நீங்க என்னமா ஆப்பிள் பூ கேக்கறீங்க" என்று சிரித்தார். தண்ணீர்ப் பாட்டிலில் செருகி என் மரத்தில் கட்டினேன். இமாச்சலில் ஆப்பிளுக்குக் காட்டுக்கிளை தூதுபோகும், இங்கே காட்டு மரத்துக்கு ஆப்பிள் கிளை வந்தது.

ஒன்பது காய் பிடித்தது. நான்கு உதிர்ந்து ஐந்து நின்றது. சுண்டைக்காய் அளவு, நீண்ட காம்பில் செர்ரி மாதிரி தொங்கி, ஜூனில் சிவந்தது. சாதாரண ஆப்பிளுக்கு அடியில் காய்ந்த பூவின் மிச்சம் குடுமி மாதிரி இருக்குமே, இதில் அது உதிர்ந்து போய் வெறும் வட்டத் தழும்புதான். மூன்றை அணில் தின்றது. ஒன்றை நான் கடித்தேன், புளிப்பு, அடுத்து துவர்ப்பு, பல் கூசி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கடைசி ஒன்றை அத்தை உப்பில் போட்டு வைத்தார். ஒரே ஒரு காய்க்கு ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு மூடி வேறு.

கேட்கிறவர்களுக்காக நேராகச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன், ஊத்தங்கரை, அரூர் பக்கம் இருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். அங்கே உயரமும் குறைவு, சித்திரை வெயில் 40-ஐத் தொடும், மரம் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். சின்ன இடத்தில் பூமரம்தான் வேண்டுமென்றால் மந்தாரை வையுங்கள், ஈழத்தலரி வையுங்கள், யாரும் இலை உருவ வேண்டியதில்லை. ஓசூர் மேட்டில் இருந்து, பொறுமையும் கொஞ்சம் கிறுக்கும் இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம். கிழக்கு வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம் பாருங்கள். கோடையில் நான்கு நாளுக்கு ஒரு தடவை இரண்டு பக்கெட், அடியில் ராகித்தாளைக் கனமாகப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும். இலை உருவிய மரத்தின் தோலில் வெயில் நேராக அடிப்பதால் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். மாவுப்பூச்சி வரும், வராமல் இருக்காது, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து சாயங்காலம் அடித்தால் அடங்கும். இலையை உருவும்போது காம்பைக் கீழ்நோக்கி இழுக்காதீர்கள், கணுவில் இருக்கிற மொட்டும் கையோடு வந்துவிடும். காம்பை மேல்பக்கமாக மடித்து ஒடித்தால் இலை மட்டும் வரும். இதை நான் இரண்டாம் வருஷம்தான் கற்றேன்.

இந்தப் போகிக்கு உருவி இன்றோடு பதினாறு நாள். தெற்குப் பக்கக் கிளையில் மொட்டு பருத்திருக்கிறது, நுனியில் வெள்ளி மாதிரி லேசாகப் பளபளப்பு. வடக்குப் பக்கம் இன்னும் குச்சிதான். தளிக்காரர் நேற்று போன் செய்து அவர் அன்னா இரண்டும் நான்கு நாள் முன்னால் போகிறது, கிளையை ஃபிரிட்ஜில் வைக்கட்டுமா என்று கேட்டார். வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை அந்த உப்புக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.